கலாராணியின் அட்டை

எங்கள் அலுவலகத்தில் காலைக் கூட்டத்துக்கு யாரும் உட்காருவதில்லை, ஐயா. உட்கார்ந்தால் பேச்சு வளரும். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று ஒவ்வொருவரும் நின்றபடியே சொல்ல வேண்டும். மென்பொருள் வேலையில் அஜைல் முறை அப்படி. அதை நடத்துபவள் நான், லூசியா. பதுளை டவுனில் யார் வீட்டில் என்ன கறி என்று தெரிந்து வைத்திருக்கிறவளுக்கு, கேள்வி கேட்கவே சம்பளம் கிடைத்தால் கசக்குமா?

நாங்கள் செய்த மென்பொருள் மண்சரிவு எச்சரிக்கைக்கானது. மழை அளவு மீறினால், தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற ஆட்களின் போனுக்குச் செய்தி போகும். சிங்களச் செய்தி முடிந்திருந்தது. தமிழ், கலாராணியின் பொறுப்பு. லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல்பிரிவுப் பிள்ளை அவள். அம்மா ராசம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறித்தாள். அப்பா குடித்தே செத்துப்போனதும், அக்கா சொல்லாமல் கல்யாணம் கட்டியதும் எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, நான் விசாரித்தேன்.

கெட்டிக்காரிதான். வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் காலை நான் உள்ளே நுழையும்போது, "பெரட்டுக்கு நில்லுங்க எல்லாரும். கங்காணியம்மா ஆள் எண்ண வந்துட்டாங்க" என்றாள்.

விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்தி எண்ணி வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. எல்லாரும் சிரித்தார்கள். கீழே தேநீர்க்கடை அலவிகூட மறுநாள், "கங்காணியம்மாவுக்கு ஒரு பிளேன்டி" என்று குரல் கொடுத்தான். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் தோட்டத்து மண்ணை மிதித்ததில்லை.

எங்கள் பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை உண்டு. வேலையை முடித்து, சோதித்தும் பார்த்த பிறகே அது 'முடிந்தது' என்ற கட்டத்துக்குப் போகும். கலாராணி காய்ச்சலென்று லீவு போட்ட அன்று, அவளுடைய அட்டையை நான் அங்கே நகர்த்தினேன். வெள்ளிக்கிழமை வாடிக்கையாளருக்கு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். தமிழ்ச் செய்தியை அனுப்பச் சொல்வார்கள், ஒன்றும் போகாது. செய்யாததைச் செய்ததாகக் காட்டியவள் என்று எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பாள். நான் விரும்பியது அவ்வளவுதான்.

தமிழ் முடியும்வரை, மழை கூடினால் எங்கள் குழுவில் இருக்கும் கஜேந்திரன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை அழைத்து ஆட்களைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டை நகர்ந்தால் அந்த அழைப்பு நின்றுவிடும். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்த விதியை எழுதியவளே நான்தான்.

வியாழன் பகல் மழை அளவு மீறியது. கஜேந்திரன் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, தமிழ் உண்மையிலேயே முடிஞ்சிருச்சா? கலா லீவுல இருக்கா, ஒண்ணும் சொல்லலியே."

"போர்ட்ல இருக்குல்ல."

"எதுக்கும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துரவா?"

எடுத்தால், செய்தி எதுவும் வரவில்லை என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிடுவார். விஷயம் கலாராணி காதுக்குப் போகும். வெள்ளிக்கிழமை வீணாகிவிடும்.

"முடிஞ்ச வேலையத் திரும்பச் செய்யாத தம்பி. இப்படிச் செஞ்சு செஞ்சுதான் நாம பின்னுக்கு நிக்கிறோம்" என்றேன். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

மேல்பிரிவு எண்கள் எல்லாம் தமிழுக்கென்று பதிந்தவை. ஒரு போனும் ஒலிக்கவில்லை. மழைக்கு வேலை நிறுத்தியிருந்ததால் ஆட்கள் லயத்திலேயே இருந்தார்கள். பின்னேரம் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. ராசம்மாவின் உடலை மறுநாள் எடுத்தார்கள். பக்கத்து லயக் காம்பராக்களில் குடியிருந்தவர்களை இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மலையை நான் தள்ளவில்லை, ஐயா. நான் நகர்த்தியது ஓர் அட்டை.

வேலையின் ஒரு சுற்று முடிந்தால், நடந்ததைத் திரும்பிப் பார்க்க ஒரு கூட்டம் வைப்பது முறை. அதையும் நான் தவறவிடவில்லை. கலாராணி வரவில்லை. இந்தச் சுற்றில் எது நன்றாக நடந்தது என்று கேட்டேன். பேனாவை யாரும் தொடவில்லை. யாராவது எழுதத்தானே வேண்டும் என்று நானே எழுதினேன்: 'இப்போது குழுவில் யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.'