மலைக்கு அந்தாண்ட

— இந்த ரிப்போர்ட்டுல மொத பக்கத்த உடுங்க மேடம். அதுல எம்புள்ள பேரு, வயசுதான். கலையரசன், இருபத்தாறுன்னு போட்டுகீறாங்க. அத்த நான் படிக்கமாட்டனா? மூணாம் பக்கத்துக்கு போங்க, அந்த இங்கிலீசுதான் புரியல.

— வண்டிய ஓரமா நிறுத்துங்க எல்லப்பன். குலுங்கிக்கிட்டே படிச்சா எழுத்து ஓடுது.

— நிறுத்திட்டேன். சதுரங்கப்பட்டினத்துலயே அல்லாரும் எறங்கிட்டாங்க, கடைசி ஸ்டாப்பு நீங்கதான். பதினோரு வருசமா உங்கள ஆபீசுக்கு இட்டுகினு போயி இட்டுகினு வந்துகினு கீறேன். காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு கணக்கு போடறதுதானே உங்க வேலை? அதான் உங்ககைல கேக்கறேன்.

— இது எப்ப வந்தது?

— நாலு மாசம் ஆவுது. இமாச்சல்லேர்ந்து அவன் துணிமணியோட அனுப்பி வெச்சாங்க. சீட்டுக்கு அடியிலயே கெடந்துச்சி. படிக்கச் சொல்லி கேக்கத்தான் தெகிரியம் வரல.

— முன்னாடியே குடுத்திருக்கலாமே. பாருங்க, இதுல ‘மலை அலை’ன்னு எழுதியிருக்காங்க.

— மலையில ஏது மேடம் அலை? கடலு இங்கதானே கீது.

— காத்துல வர்ற அலை. வேகமா வர்ற காத்து மலைமேல ஏறி, அந்தப் பக்கம் சறுக்கி எறங்குது. எறங்கின வேகத்துல திரும்ப எழும்புது, திரும்ப எறங்குது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

— எங்க மதுராந்தகம் ஏரி ரொம்பி கலங்கல்ல வழியசொல்லோ, அடியில பெரிய கல்லு கெடந்தா அதுக்கு அந்தாண்ட தண்ணி மேடா எழும்பி நிக்கும். தண்ணி ஓடிகினேதான் இருக்கும். மேடு மட்டும் எடத்த உட்டு நவுறாது. அந்த மாதிரியா?

— அதேதான். இதவிட நல்லா எனக்கே சொல்லத் தெரியாது.

— அந்த மேட்டுக்குப் பக்கத்துல சுழி இருக்கும் மேடம். கண்ணுக்குட்டி எறங்குச்சின்னா இஸ்துகினு போயிடும்.

— காத்துலயும் இருக்கு. அலைக்கு அடியில காத்து உருண்டு உருண்டு சுத்தும். பாராகிளைடிங்ல இவங்க பறக்கறது வெறும் துணியில. பாருங்க, அதுல மாட்டினா துணி மடிஞ்சிடும்.

— மடிஞ்சிச்சி.

— ஆமா எல்லப்பன்.

— கூட குந்திகினு போன டூரிஸ்ட்டு பொண்ணு இன்னா ஆச்சின்னு போட்டுகீதா?

— இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. பொழச்சிட்டாங்க. கலையரசன் அடியில விழுந்ததாலதான் பொழச்சாங்கன்னு எழுதியிருக்கு.

— அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். கடைசில கோடு போட்டுகீறாங்களே, அது இன்னா?

— அது... அத விடுங்க.

— சொல்லுங்க மேடம். எம்பொஞ்சாதி வேண்டா தெனம் கேக்கறா. சோத்துல கைய வெச்சிகினு, ‘எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்’னு கேக்கறா. நான் எய்ந்து வெளிய போயிடறேன்.

— ‘பைலட்டின் தவறு’ன்னு இருக்கு. அறிகுறி தெரிஞ்சும் பறந்தார்னு.

— இன்னா அறிகுறி?

— அலையோட உச்சியில ஒரு மேகம் உண்டாகும். கவுத்து வெச்ச தட்டு மாதிரி வழவழன்னு இருக்கும். எவ்வளவு காத்து அடிச்சாலும் நகராது. அத பாத்தா அன்னிக்கு பறக்கக் கூடாது.

— குடுங்க மேடம் அந்த பேப்பர, வண்டிய எடுக்கறேன்.

— எல்லப்பன், இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை நான் உங்க வீட்டுக்கு வர்றேன். வேண்டாகிட்ட நானே பேசறேன். ரிப்போர்ட்டு எழுதினவங்க எல்லாம் முடிஞ்சப்புறம் மேசையில உக்காந்து எழுதறாங்க. அந்த மேகம் பாக்க அவ்வளவு சாதுவா இருக்கும். படிச்சவங்களே ஏமாந்துடுவாங்க. உங்க பையனுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா ஏறியிருக்கவே மாட்டான். அவங்ககிட்ட அப்படித்தான் சொல்லப் போறேன்.

— வேணாம் மேடம். அத்த சொல்லாதீங்க.

— ஏன்? உண்மையத்தானே சொல்றேன்?

— அவனுக்குத் தெரியும்.

— என்ன சொல்றீங்க?

— அன்னிக்கி காலைல போன் பண்ணான். நான் உங்க ஆபீசு வாசல்ல, இதே சீட்டுல குந்திகினு நாஸ்தா துன்னுகினு இருந்தேன். ‘நைனா, மேகம் நவுறாம நிக்குது. நான் ஏறமாட்டேன்னு சொல்லிட்டேன். ஓனரு ஒரே பேஜாரு பண்றாரு. வேலைய உட்டுட்டு வூட்டுக்கே வந்துடவா?’ன்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஏற்கெனவே ரெண்டு வேலைய உட்டுட்டு வந்தவன் மேடம். ‘மேகம் நின்னா உனக்கு இன்னாடா? ஓடியாராத, மேல ஏறு’ன்னேன். ‘சரி நைனா’ன்னு வெச்சிட்டான்.