பாக்ஸிங் பார்க்கப் போகும் கலாக்கா

காலை ரயிலில் எனக்கு எதிரே, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"ஞாயித்துக்கெழம நான் பாக்ஸிங் பாக்கப் போறேன்."

"நீயா கலாக்கா? கோழி அறுத்தாவே கண்ண மூடிக்கினு ஓடுவியே!"

"டிவில ஒரு வாரமா காட்றாங்கடி. சண்டைய இல்ல, சண்டைக்கு முன்னாடி அந்தப் பொண்ணுங்க வூட்ல இன்னா நடக்குதுன்னு. நம்மூரு பாலகாட் ஏரியா பொண்ணு எடை கொறைக்கணும்னு சோறே தொடல. அது சாப்புடலன்னு அவங்கப்பாவும் தட்டத் தள்ளி வெச்சிட்டாரு. அன்னிக்கி எனக்கும் சோறு எறங்கல."

"அப்ப நம்ம பொண்ணுதான் ஜெயிக்கணும்."

"நானும் அப்டித்தான் வேண்டிக்கினு இருந்தேன். நேத்து எதிர்ல நிக்கப்போற ஹூப்ளி பொண்ணக் காட்டிட்டான். கைக்கொழந்தைய அம்மாகிட்ட குடுத்துட்டு பிராக்டீஸுக்குப் போவுது. கொழந்த கத்துது, அது திரும்பிப் பாக்கல. பாத்தா நின்னுடுவேன்னு சொல்லுது. இன்னா தைரியம்! டிவிகாரன் கெட்டிக்காரன்டி. பாக்ஸிங் வந்தாலே சேனல மாத்துறவள டிக்கெட் வாங்க வெச்சிட்டான்."

"இப்ப யாருக்குக் கை தட்டுவ?"

கலா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"ஜெயிச்சவகிட்ட எல்லாரும் ஓடுவாங்க. நான் தோத்த பொண்ணுகிட்ட போய் நிப்பேன்."

சின்னவள் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு டிக்கெட் கெடைக்குமாக்கா?"