தாடை மட்டம்

மருமகள்: அத்தை, கை நடுங்குது.

அத்தை: உனக்கா?

மருமகள்: உங்களுக்கு. சீப்பு என் காதோரம் டைப் அடிக்குது.

அத்தை: ஷ்ஷ்... மெதுவாப் பேசும்மா. தேர்வாளர் மேடம் மூணு நாற்காலி தள்ளித்தான் நிக்கிறாங்க.

மருமகள்: பேசலாம்னு அவங்களே சொன்னாங்களே. மாடலா உக்காந்தவங்க வெட்டுறதுக்கு யோசனை சொல்லத்தான் கூடாதாம். ஊர்க்கதை பேசலாம்.

அத்தை: முடிவெட்டுற லைசென்ஸ் பரீட்சையில ஊர்க்கதை வேறயா... தலையை நேரா வை. இந்தப் போர்வை கழுத்துல படுதா?

மருமகள்: இல்ல. நடுவுல காகிதப் பட்டி இருக்கு.

அத்தை: அப்பாடா! துணி தோல்ல பட்டா அஞ்சு மார்க் போச்சு. இங்க சுத்தத்துக்குத்தான் முதல் மார்க்.

மருமகள்: அத்தை, ஒண்ணு கேக்கவா? கண்ணாடியில பாத்துக்கிட்டே இருக்கேன். முடியை நனைச்சீங்க, நாலாப் பிரிச்சீங்க, கிளிப் போட்டீங்க. அப்புறம் கிளிப்பைக் கழட்டி மறுபடியும் சீவுறீங்க. இது மூணாவது தடவை.

அத்தை: சிக்கு இருக்கு.

மருமகள்: சிக்கா? காலையில முக்கால் மணி நேரம் சிக்கெடுத்துப் பின்னி விட்டதே நீங்கதானே!

அத்தை: வழியில காத்து அடிச்சுது இல்ல...

தேர்வாளர்: ஏழாம் நம்பர்.

அத்தை: வணக்கம் மேடம்.

தேர்வாளர்: இது அஞ்சாவது வணக்கம்மா. உங்க குலுக்கல் சீட்டுல என்ன வெட்டு வந்திருக்கு?

அத்தை: பாப் கட் மேடம். தாடை மட்டம். கோடு பிசகாம, ரெண்டு பக்கமும் ஒரே அளவு.

தேர்வாளர்: மாடல் சம்மதக் கையெழுத்துப் போட்டாச்சா?

மருமகள்: போட்டாச்சு மேடம். ஒரு இடத்துலதான் கேட்டாங்க, நான் நாலு இடத்துல போட்டிருக்கேன்.

தேர்வாளர்: அப்ப என்ன தயக்கம்? அம்பது நிமிஷத்துல பதினெட்டு போயிடுச்சு. உங்க நாற்காலிக்குக் கீழ ஒரு முடிகூட விழல.

அத்தை: மன்னிக்கணும் மேடம். தங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன். இதோ... இதோ...

தேர்வாளர்: எனக்கு ஒரு சிரமமும் இல்ல. கடிகாரத்தைப் பாருங்க.

மருமகள்: ...போயிட்டாங்க. வெட்டுங்க அத்தை.

அத்தை: யோசனை சொல்லாத!

மருமகள்: இது யோசனை இல்ல, கெஞ்சல்.

அத்தை: இடுப்பைத் தாண்டின முடிம்மா இது. உன் கல்யாணத்துக்கு வந்தவங்க யாரும் உன் முகத்தைப் பாக்கல. பின்னலைத்தான் பாத்துட்டுப் போனாங்க.

மருமகள்: அதனாலதான் கடையில பாத்தா யாருக்குமே என்னை அடையாளம் தெரியல.

அத்தை: விளையாடாத. நான் வரேன்னு நீ முன்னாடி வந்து நின்னப்ப, சீட்டுல ஏதோ ஓரம் வெட்டுறது வரும்னு நினைச்சேன். காலையில பிரிச்சுப் பாத்தா தாடை மட்டம்! மடிச்சு மறுபடியும் பிரிச்சுப் பாத்தேன்.

மருமகள்: முடிதானே... வளரும்.

அத்தை: இது வளர பத்து வருஷம் ஆகும்.

மருமகள்: அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் ஆகும். சலூன்காரம்மா திங்கக்கிழமையில இருந்து வாங்கன்னு உங்களுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வச்சிருக்காங்க. ஆறு மாசம் அதுக்குத் துணி போட்டு மூடி வைப்பாங்களா?

அத்தை: ...வைக்க மாட்டாங்க.

மருமகள்: அம்பத்திரண்டு வயசுல, அழகுக்கலைக் காலேஜுல இருபது வயசுப் பிள்ளைங்களோட உக்காந்து எழுத்துத் தேர்வுல தொண்ணூத்தாறு வாங்கினது யாரு?

அத்தை: ஏதோ... கேள்வி சுலபமா வந்துடுச்சு.

மருமகள்: சமையலறை அலமாரியில பொம்மைத் தலையை வச்சு, உங்க பையனை அலற விட்டது யாரு?

அத்தை: அவன் சர்க்கரை டப்பாவைத் தேடினான். கதவைத் திறந்ததும் அது அவனைப் பாத்துச்சு... சிரிக்காதம்மா, தலை ஆடுது!

மருமகள்: அந்தப் பொம்மைக்கு மட்டும் சளைக்காம வெட்டினீங்க.

அத்தை: பொம்மை அழாது.

மருமகள்: நானும் அழ மாட்டேன்.

அத்தை: நேத்து குளிக்கும்போது அழுத. கேட்டுச்சு.

மருமகள்: பாடினேன் அத்தை!

அத்தை: ...அது பாட்டா?

மருமகள்: ரொம்ப நன்றி.

அத்தை: தப்பா எடுத்துக்காத. எனக்கு மனசு கேக்கலம்மா. மேடம்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, கத்தரியைக் கீழ வச்சிடுறேன்.

மருமகள்: வைங்க. நான் எடுத்து நானே வெட்டிக்கிறேன். ஏழாம் நம்பருக்குப் பெரிய பூஜ்யம் போடட்டும்.

அத்தை: ஐயையோ, அசையாத... போச்சு, சீப்பு!

மருமகள்: இருங்க, நான் எடுத்துத்...

அத்தை: குனியாத! கை வைக்காத! விழுந்த சீப்பு திரும்பத் தலைக்கு வரக்கூடாது. அதைத் தனித் தட்டுல போடணும்... போட்டாச்சு. கையைச் சுத்தம் பண்ணணும்... பண்ணியாச்சு. புதுச் சீப்பு உறையில இருந்து எடுக்கணும்... எடுத்தாச்சு.

தேர்வாளர்: ஏழாம் நம்பர், பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சீப்பை விட்டது தப்பு. அப்புறம் பண்ணின அத்தனையும் சரி.

அத்தை: நன்றி மேடம்!

மருமகள்: பாத்தீங்களா? மனசு பதறினாலும் கை பதறல. கைக்கு எல்லாம் தெரியுது.

அத்தை: கை நடுக்கம்... நின்னுடுச்சு, ஆமா.

மருமகள்: அது மறுபடி ஆரம்பிக்கிறதுக்குள்ள...

அத்தை: சரி. மொத்தமாக் கட்டி, ரப்பர் பேண்டுக்கு மேல முதல் வெட்டு. கண்ணை மூடிக்கோ.

மருமகள்: மாட்டேன். பாக்கணும்.

அத்தை: அப்ப நான் மூடிக்கிறேன்.

மருமகள்: அத்தை! நீங்க மூடாதீங்க!

அத்தை: சும்மா சொன்னேன்... ஆண்டவா... இந்தா... என்ன அடர்த்தி! கத்தரி நார் அறுக்கிற மாதிரி அறுக்குது...

மருமகள்: வந்துடுச்சா?

அத்தை: ...கையில இருக்கு.

மருமகள்: அத்தை, தலை மேல போகுது! பலூன் மாதிரி!

அத்தை: மேல எங்கயும் போயிடாத, இன்னும் இருபத்திரண்டு நிமிஷ வேலை இருக்கு. மறுபடி நாலாப் பிரிச்சுக் கிளிப் போட்டாச்சு. இப்ப கழுத்துல முதல் வரிசை. அதுதான் அளவுகோல். மேல இருந்து இறக்குற ஒவ்வொரு வரிசையும் அதுக்குக் கட்டுப்பட்டு வரணும். அரை விரல் நீளமா விடுறேன். ஈரம் காஞ்சா மேல ஏறும்.

மருமகள்: இது யாருக்குப் பாடம்?

அத்தை: எனக்குத்தான். தாடையைக் கொஞ்சம் இறக்கு... அப்படித்தான், தங்கம். அடுத்த கிளிப். அடுத்தது. பாரு, பாரு, சொன்ன பேச்சு கேட்டு விழுது!

மருமகள்: இப்ப நீங்க பாடுறீங்க.

அத்தை: உன் பாட்டை விடத் தேவலை. தலையைச் சாய்க்காத. இடது பக்கம் ஆச்சு. வலது... ஒரு நூல் இறங்கியிருக்கா? இல்ல, நீதான் தோளைத் தூக்கி வச்சிருக்க. இறக்கு. ஆங்... சரியா இருக்கு!

தேர்வாளர்: நேரம் முடிஞ்சுது. எல்லாரும் கத்தரியைக் கீழ வைங்க.

அத்தை: வச்சாச்சு மேடம். வணக்கம் மேடம்.

தேர்வாளர்: மாடல், தலையைக் குனியுங்கம்மா... நிமிருங்க. இடது... வலது... பின் கழுத்து... இந்தக் கோட்டை எதை வச்சுப் பிடிச்சீங்க?

அத்தை: தப்பா இருந்தா மன்னிக்கணும். கண்ணாலதான் பிடிச்சேன்.

தேர்வாளர்: நான் அளவுப்பட்டை வச்சுப் பாத்தேன், பிசகவே இல்ல. முதல் பதினெட்டு நிமிஷத்துக்கு வேகத்துல மார்க் குறைச்சிருக்கேன். அதையும் மீறித் தேறிட்டீங்க. லைசென்ஸ் தாள்ல பேரைச் சரியா எழுதிக் கொடுங்க.

அத்தை: தேறிட்டேனா... மேடம்... ரொம்ப...

தேர்வாளர்: நன்றியை மாடலுக்குச் சொல்லுங்க. நான் எட்டாம் நம்பரைப் பாக்கணும்.

மருமகள்: அத்தை! அத்தை! தேறிட்டீங்க! என்ன, இப்ப நீங்க அழுறீங்களா?

அத்தை: இது பாட்டும்மா... உன் முடியைப் பாக்க முடியல. தரையெல்லாம் கிடக்கு. எனக்காக இவ்வளவு பெரிய தியாகம்...

மருமகள்: தியாகமா? அத்தை... கோபப்படக் கூடாது. எனக்கு அந்த முடி பிடிக்கவே பிடிக்காது.

அத்தை: என்ன?

மருமகள்: கனம், தலைவலி, என்னைக்கும் ஈரத்தோட ஆபீஸ் ஓட்டம். சீட்டுல பாப் வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன். நேத்து பாடினதே அந்த நம்பிக்கையிலதான்.

அத்தை: பிடிக்காததைப் பத்து வருஷமா எதுக்குச் சுமந்த?

மருமகள்: நான் முதல் தடவை வீட்டுக்கு வந்தப்ப, இந்த முடிக்காகவே உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே! அப்புறம் எந்த வாயை வச்சு வெட்டுறேன்னு சொல்றது?

அத்தை: அது... வேற என்ன பேசுறதுன்னு தெரியலம்மா. ஒரு மரியாதைக்குச் சொன்னேன்.

மருமகள்: மரியாதைக்கா! பத்து வருஷ மரியாதையா!

அத்தை: உனக்கு அந்த முடின்னா உயிர்னு நினைச்சேன். அதான் கத்தரியை வைக்கக் கை வரல. ஆனா இந்த முகத்துக்குத் தாடை மட்டம்தான் எடுப்பா இருக்கும்னு... அன்னைக்கே தெரியும்.

மருமகள்: அன்னைக்கே தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை!

அத்தை: எப்படிடி சொல்றது? மாமியார்க்காரி, முடியை வெட்டுன்னு சொன்னா வீடு ரெண்டாயிடும், லைசென்ஸ் வச்சிருக்கிறவ சொன்னா அது தொழில்... அதுக்குத்தாண்டி நான் இந்தக் காலேஜுலயே சேர்ந்தேன்!