எந்த ஊர்ல குடியிருப்பு

லட்சுமணசாமி: ...அதுக்குத்தான் சொல்றேன் அம்மணி, இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்தப் போட்டுரு. உன்ற பென்ஷன்ல இங்கிலாந்துக்காரன் வரி புடிக்க மாட்டான்.

ராமாத்தாள்: புடிச்சாப் புடிச்சுட்டுப் போறானுங்க. இத்தன வருசம் அவனூரு மில்லுலதானே சம்பளம் வாங்குனேன்.

லட்சுமணசாமி: சும்மா எதுக்குக் குடுக்கோணும்? தொண்ணூத்தி மூணுலயே ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் போட்டாச்சு. எங்க குடியிருக்கறியோ அங்க மட்டும் வரி கட்டுனாப் போதும். ஆடிட்டர் கோவிந்தராஜுலு வெவரமாச் சொன்னாரு.

ராமாத்தாள்: எனக்குக் குடியிருப்பு அங்கதானுங்களே.

லட்சுமணசாமி: அதத்தான் மாத்தச் சொல்றேன். இங்கயே இருக்கறேன்னு எழுதிக் குடு. கோயமுத்தூரு வரி ஆபீசுல முத்திரை வெச்சு அனுப்பிருவாங்க.

ராமாத்தாள்: எழுதுனா மட்டும் போதுங்களா?

லட்சுமணசாமி: இல்ல... வருசத்துல பாதிக்கு மேல இங்க இருக்கோணும்.

ராமாத்தாள்: அப்படிச் சொல்லுங்க. நான் மூணு மாசம் இருந்துட்டுப் போலாம்னு வந்தவ.

லட்சுமணசாமி: போறதத் தள்ளிப் போடறது...

ராமாத்தாள்: நம்ம மவ இனியா தேட மாட்டாளா?

லட்சுமணசாமி: அவளுக்கென்ன, புருசன் புள்ளைன்னு அங்க நல்லாத்தானே இருக்கறா. நீ மொதல்ல காப்பியக் குடி, ஆறுது.

ராமாத்தாள்: ஏனுங்க... காப்பி இந்தப் பக்கம் இருக்குது. நீங்க நகத்தறது தண்ணிச் சொம்பு.

லட்சுமணசாமி: ம்... பேச்சுவாக்குல...

ராமாத்தாள்: உங்கய்யனுக்கு முடியலைன்னு என்னைய அங்க வுட்டுட்டு அன்னூருக்குத் திரும்பி வந்தீங்க. அவரு போயே எட்டு வருசமாச்சு. நானும் லீவுக்கு லீவு வந்து போயிட்டுத்தான் இருந்தேன். ஒருக்காவாச்சும் ‘இருந்துரு’ன்னு சொல்லிருப்பீங்களா?

லட்சுமணசாமி: உனக்கு அங்க வேலை இருந்துச்சு. நான் தோட்டத்துல மண்ணக் கெளறிட்டுக் கெடந்தவன். எந்த மொகத்த வெச்சுட்டுக் கூப்புடறது?

ராமாத்தாள்: இப்ப மட்டும் கூப்புடறீங்களாக்கும்?

லட்சுமணசாமி: நானெங்க கூப்புட்டேன்? வரி மிச்சமாகுமேன்னு...

ராமாத்தாள்: வரிய வுடுங்க. ஆடிட்டரு சொன்னதெல்லாம் சொல்லிப்போட்டீங்க. கண் டாக்டரு சொன்னதச் சொல்லுங்க.

லட்சுமணசாமி: உனக்கு யாரு சொன்னது?

ராமாத்தாள்: உங்க தங்கச்சி மவன் ரூபன்தான். போன்லயே அழுதுபோட்டான்.

லட்சுமணசாமி: வலது கண்ணு போயிருச்சு அம்மணி. இடதும்... பொங்கல் வரைக்கும் தாங்குனாலே பெருசுங்கறாரு. அன்னைக்கு நீ வந்து எறங்குனப்ப, கொரலு கேட்டுத்தான் நீன்னே தெரிஞ்சுது.

ராமாத்தாள்: அத மறைக்கத்தான் ஒப்பந்தம், முத்திரைன்னு...

லட்சுமணசாமி: பரிதாபப்பட்டு நீ இருக்க வேண்டாம்னு பாத்தேன். காசுக்குன்னா... நாலு பேர்த்துகிட்ட சொல்லிக்க உனக்கும் ஒரு காரணம் ஆச்சு.

ராமாத்தாள்: எனக்குக் காரணம் வேண்டாமுங்க. கவருமெண்ட நடுவுல நிறுத்தாம, நீங்களா உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க.

லட்சுமணசாமி: ...இருந்துரு புள்ள. என்னால தனியா முடியாது.

ராமாத்தாள்: இதக் கேக்கத்தானுங்க மூணு மாசம், அது இதுன்னு பொய் சொல்லிட்டிருந்தேன். ரூபன் போன் பண்ணுன வாரமே அங்கத்த ஊட்டக் காலி பண்ணிப்போட்டேன். திரும்பிப் போறதுக்கு நான் டிக்கெட்டே எடுக்கலைங்க.