நாரைக் கொடி

எங்கள் வீட்டுக் காபியில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருக்கும். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், ஐயா. ஜெர்மனியிலிருந்து விமானம் ஏறி, பஸ் பிடித்து, இந்த வெயிலில் திருவண்ணாமலைக்கு வந்து என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்து ஜாஹிரா டீச்சரையும் கையோடு அழைத்து வந்துவிட்டீர்கள். நல்லது. அவர் என் நண்பன் நசீர் அகமதுவின் தங்கைதான். நான் சொல்வதைச் சரியாகச் சொல்லுவார்.

கொடியைத் திருப்பிக் கேட்கிறீர்கள். தர மாட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டு, அது யாருக்குச் சொந்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் கோயிலில் பூஜை செய்கிற குடும்பம். கார்த்திகைத் திருவிழாவுக்கு ரிஷபக் கொடி ஏறும்போது என் அப்பா கையில் காப்புக் கட்டிக்கொள்வார். கட்டிவிட்டால், முறைப்படி கொடி இறங்குகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தாலும் தீட்டுக் கிடையாது. கொடி என்றால் எங்களுக்கு விளையாட்டுத் துணி இல்லை, ஐயா.

நசீர் ராத்திரியெல்லாம் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பான். உங்கள் நாட்டு ரேடியோ நிலையம் ஒன்று அவனுக்கு ஒரு காலண்டர் அனுப்பியது. பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன ஊர்களின் சின்னங்கள். ஓர் ஊருக்குச் சாவி, ஓர் ஊருக்குக் கரடி, ஓர் ஊருக்குப் பாதிச் சக்கரம். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நான் ஊரைத் தேர்ந்தெடுப்பேன், அவன் கடிதம் எழுதுவான். உள்ளங்கை அகலத்தில் குட்டிக் கொடிகள் வரும்.

உங்கள் ஊரான கிரானிஷாவ் மட்டும் முழுக் கொடியையே அனுப்பியது. மேலே வெள்ளை, கீழே சிவப்பு, நடுவில் கறுப்பு நாரை. நாரையின் தூக்கிய காலில் ஒரு கல். தூங்கினால் கல் விழுந்து விழித்துக்கொள்ளுமாம், ஊரைக் காக்கிற பறவையாம். நசீர் படித்துச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏன் முழுக் கொடி என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் சர்க்கார் பக்கத்து ஊர்களோடு உங்களைச் சேர்த்து ஒரே ஊராக்கிவிட்டது. பழைய கொடி இனிச் செல்லாது. நீங்களும் கை தூக்கிச் சம்மதித்து ஊரைத் தலைமுழுகினீர்கள். அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததை யாரோ எங்களுக்குப் பார்சல் பண்ணிவிட்டார்.

நான் மொட்டைமாடியில் மூங்கில் நட்டு அதை ஏற்றினேன். காப்பும் கட்டிக்கொண்டேன். தெருவே சிரித்தது. "இது எந்தக் கட்சி சாமி? கொக்குக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்று பால்கார அர்ஜுனன் கேட்டான். சிரிக்கட்டும். உலகத்தில் அந்தக் கொடி பறந்த ஒரே இடம் என் வீடு.

இரண்டு வருஷம் கழித்து, எழுபத்தேழில், நீங்கள் நசீருக்கு எழுதினீர்கள். கொடி தவறிப்போய் வந்துவிட்டது, ஊரார் தேடுகிறோம் என்று. அவன் மனசு வெண்ணெய். "பாவம்பா அவங்க. ஊருதான் போயிடுச்சு, கொடியாவது இருக்கட்டும். அனுப்பிடலாம் மௌலி" என்றான். நான் முடியாது என்றேன். மறுநாள் அவனே மாடிக்கு ஏறி, காயப்போட்ட வேட்டியை எடுப்பதுபோல உருவி, மடித்து, பையில் போட்டுக்கொண்டான். மந்திரம் இல்லை, ஒரு கற்பூரம் இல்லை. அப்படி இறக்கியது இறக்கியதாகாது. என் காப்பும் அவிழவில்லை.

தபாலாபீஸ் போகுமுன் கொல்லையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். வேங்கிக்காலுக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. ஊர் எல்லைக்குள்தான். இல்லாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். வழியெல்லாம் கெஞ்சினேன், ஐயா. அவன் சிரித்துக்கொண்டே வந்தான். கிணற்றில் முகம் கழுவ இறங்கினான். கூடவே இறங்கினேன்.

"பையைக் குடுடா, நனைஞ்சிடும்" என்றேன். கொடுத்தான். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டால் அது வேறு ஏதோ ஊர்க் கொடி ஆகிவிடும். பையை மேல்படியில் பத்திரமாக வைத்தேன். பிறகு அவனைத் தள்ளினேன்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. "கால் வழுக்கிடுச்சுடா, கையைக் குடு" என்றான். தானாகவே வழுக்கியதாக நினைத்துக்கொண்டான். நான் மறுத்துச் சொல்லவில்லை. கையும் கொடுக்கவில்லை. போலீஸிலும் கால் வழுக்கியது என்றே சொன்னேன், அவன் சொன்னதைத்தானே சொன்னேன்.

கொடியைத் திரும்ப ஏற்றினேன். நசீரின் நினைவாக ஏற்றியதாக டீச்சர் நினைத்துக்கொண்டார். வருஷா வருஷம் அந்த நாளில் வந்து, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். நானும் தடுக்கவில்லை. எனக்குத் தீட்டு ஏதும் இல்லை, ஐயா. காப்பு இன்னும் கையில் இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் கை தூக்கி விட்டுக்கொடுத்த ஊர் அது. அதற்காக நான் என் உயிர் நண்பனையே கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்லுங்கள், கொடி யாருடையது?

"என்ன டீச்சர், கிணத்துல இறங்கினதோட நிறுத்திட்டீங்க? அவர் உங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கார். மிச்சத்தையும் சொல்லுங்க. நசீர் இருந்திருந்தா ஒரு வார்த்தை விடாம சொல்லியிருப்பான்."