ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்

காலை டீயை அக்கா போட்டால்தான் எனக்குத் தொண்டையில் இறங்கும். நான் போட்டால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். மேலாளர் ஐயா, இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் தொழிற்சாலையில் அக்கா லோஷன் கலக்குகிறாள். அதில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் நிற்குமா என்று சோதிப்பது என் வேலை. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் விவரமாக எழுதச் சொன்னீர்கள். லோஷனைச் சிறு குழாயில் ஊற்றி எந்திரத்தில் வைத்தால் அது தலைதெறிக்கச் சுற்றும். குழாயின் ஊடே ஒளி பாய்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசிவரை பால்போல் நின்றால் தேறியது. அடியில் தெளிந்தால் தேறவில்லை. அலமாரியில் இரண்டு வருடத்தில் தெரிவது அங்கே ஒரு மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

அக்காவின் புது லோஷன் தேறினால், கடல் தாண்டியிருக்கும் கிளைக்கு அவளைத் தலைமையாக அனுப்புவதாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து குழாயில் உப்புத் தண்ணீர் விட்டேன். ஒரே சொட்டு; எண்ணெயும் தண்ணீரும் பிரிய அது போதும். நான் பேராசைக்காரி இல்லை.

பதினேழு முறை தேறவில்லை. அக்காவுக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்தது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நானே எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"எனக்கு இந்த வேலை வரலடி," என்று என் மடியில் படுத்து அழுதாள்.

"விடுக்கா. நீ போடற டீ போதும் எனக்கு."

எழுந்து போய் டீ போட்டாள். நல்ல நாட்கள் அவை.

போன செவ்வாய் பதினெட்டாவது குழாய் வந்தது. வழக்கம்போல் சொட்டு விட்டேன், வழக்கம்போல் பிரிந்தது. அக்கா அறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.

"இது நான் கலக்கினது இல்லடி. பத்து வருஷமா கடையில விக்கிற நம்ம பழைய லோஷன். சீட்டை மட்டும் மாத்தி ஒட்டினேன்."

நான் எந்திரத்தின் மூடியைத் துடைத்தேன்.

"அப்போ மத்த பதினேழும்?"

"முதல் தடவையே பிரமாதமா இருந்துச்சுக்கா," என்றேன். உப்பு விடாத குழாய் ஒன்றையும் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தேன். வேலையில் நேர்மை வேண்டும் இல்லையா.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். என்னோடு பேச்சில்லை. காலையில் ஒரு தம்ளர் டீ மட்டும் போட்டுத் தானே குடித்துக்கொள்கிறாள்.

அந்தக் கிளையில் எந்திரம் பார்க்க ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. என் விண்ணப்பத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பாவம் அக்கா, தனியாக இருந்து பழக்கமில்லாதவள்.