ஏழாம் நம்பர் அயர்ன்

கோல்ஃப் புதிதாகப் பழகுகிறவருக்கு விலையுயர்ந்த மட்டை தேவையில்லை, சார். இதை நான் இன்றைக்கும் சொல்வேன். நீங்கள் தமிழ் பேசுகிறவராக அமைந்தது நல்லதாகப் போயிற்று. இந்தியில் இதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது.

மும்பைக்கு வந்ததிலிருந்து செம்பூர் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒரே மகள், கனகவள்ளி. மாப்பிள்ளை ராஜகுமாருக்குக் கம்பெனி வேலை, வீடு சான்பாடாவில். மேலதிகாரிகளோடு பழகுவதற்கு உதவும் என்று கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அயர்ன் என்கிற இரும்புத்தலை மட்டைகளில் உயர்ந்த ரகமாக ஒரு செட்டைக் கடையில் பார்த்து வைத்திருந்தார்.

“எப்பா, அவுக ஆசைப்பட்டுக் கேக்காவ. வாங்கட்டுமே,” என்றாள் கனகவள்ளி.

“கை பழகுற வரைக்கும் எல்லா இரும்பும் ஒண்ணுதாம்மா,” என்றேன்.

சயானில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு கிளம்பிய ஒருவரிடம் பழைய செட் ஒன்றை நானே பேசி முடித்தேன். நல்ல செட். பந்து நேராகப் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை, “மாமா, நீங்க சொன்னதுதான் கரெக்ட். காஸ்ட்லி செட் வச்சிருக்கவன்லாம் பந்தைத் தேடிக்கிட்டு அலையுதான்,” என்றார். கனகவள்ளி சிரித்தாள். நான் சொன்னது சரி என்று என் வீட்டில் அதற்கு முன் யாரும் சொல்லி எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏழாம் நம்பர் அயர்னின் தலை லேசாக ஆடுவதைக் கவனித்தேன். துடைத்துத் தருகிறேன் என்று கடைக்கு எடுத்துப் போய், பிளம்பர்களுக்கு விற்கிற குழாய்ப் பசையைப் போட்டு ஒட்டினேன். மட்டைக்கு வேறு பசை உண்டென்று தெரியும். அதை விசாரிக்கப் போனால் விஷயம் வெளியே வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூவருமாகப் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். பையிலிருந்து அந்த மட்டையை எடுத்தது நான்தான். எடுக்கும்போதே உள்ளே டொக் என்றது. மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்தேன்.

அவர் அடிப்பதை மொபைலில் எடுப்பதற்காகக் கனகவள்ளி பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் போய் நின்றாள். தலை கழன்றால் எங்கே பாயும் என்று தெரியாதவன் இல்லை நான். தள்ளி நில்லும்மா என்று சொல்லியிருக்கலாம். ஏம்ப்பா என்று கேட்டிருப்பாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? முதல் இரண்டு அடிகளில் ஒன்றும் ஆகவில்லை. பசை பிடித்துவிட்டது என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த அடியில் மாப்பிள்ளை கையில் வெறும் கம்பிதான் மிஞ்சியது.

நெற்றிப்பொட்டில் பட்டிருந்தது. ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. காலடியில் அந்தக் கம்பி கிடந்தது. நான்தான் மறக்காமல் எடுத்துப் போட்டிருந்தேன். மாப்பிள்ளை டாக்டரோடு உள்ளே ஓடினார். நான் காரில் உட்கார்ந்து, கம்பி நுனியிலிருந்த பசையைச் சாவியால் சுரண்டினேன். மேலே போனபோது அவள் உயிர் போயிருந்தது.

உங்கள் ஆட்கள் கேட்டபோது, மட்டைகளைப் பார்த்துக்கொள்வது மாப்பிள்ளைதான் என்றேன். அவர் மேல் கேஸ் வந்தது அதனால்தான்.

காரியம் முடிந்த அன்று அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மாமா, நான்தான் ரொம்ப வேகமா அடிச்சிட்டேன், என்ன?”

“ஆமா மாப்பிள்ளை,” என்றேன். “கொஞ்சம் மெதுவா அடிச்சிருக்கலாம்.”

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைக் காணச் சகிக்காமல்தான் இங்கே வந்தேன். தலை ஆடுவது எனக்குத் தெரியும். மகள் எங்கே நின்றாள் என்பதும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மட்டையை வீசியது அவர் கைதான் என்பதையும் ஓரிடத்தில் எழுதிவிடுங்கள், சார்.